அஃறிணையில் ஓர் அரசன்

நடந்ததைச் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது.

அங்கப்பன் உயரம் குறைந்த நடிகர். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் உதை வாங்கும் வேடங்கள்தாம். நாயகன் தூக்கி வீசுவான், கொட்டகை சிரிக்கும். ஆகவே ஒரு மாயாஜாலத் தொடரில் குள்ளர்களின் அரசனாக நடிக்க அழைப்பு வந்தபோது, மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கதையில் குள்ளர்களுக்கு அண்டை வீட்டார் எல்ஃப்கள். கூரிய காது, நெடிய உருவம், சாவில்லாத வாழ்வு. அவர்கள் பேசுவதற்கென்றே ஒரு மொழியை உருவாக்கித் தந்தவர், கல்லூரியில் மொழியியல் கற்பிக்கும் சுகிர்தா. எல்ஃப் அரசி சபையில் குள்ள அரசனை என்ன சொல்லி அழைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அங்கப்பன் அவரிடம் போனார்.

"குள்ளர்களுக்கு அந்த மொழியில ரெண்டு சொல் இருக்கு," என்றார் சுகிர்தா. "ஆயுதம் செஞ்சு தரச் சொல்லிக் கேக்கும்போது 'ஒல்மீர்'. கல்லின் தோழர்னு அர்த்தம். மத்த நேரமெல்லாம் 'நுஷ்கா'. அதாவது, சுருங்கிப்போனது."

"போனதா? போனவர் இல்லையா?"

சுகிர்தா தயங்கினார். "அது அஃறிணை. 'நுஷ்கா வந்தது'ன்னுதான் அரசி சொல்லுவா."

அங்கப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஆடு வந்தது, மாடு வந்தது மாதிரியா? 'இது எங்கேருந்து வந்துச்சு'ன்னு தெருவுல போறவன் கேக்கிறது பத்தாதா? படிச்ச நீங்க உக்காந்து யோசிச்சு, இல்லாத ஒரு மொழியை உண்டாக்கி, அதுலயும் எங்களை அங்கேதான் வைக்கணுமா?"

"அது எல்ஃப்களோட திமிர், சார். அதை மறைச்சா அவங்களை நல்லவங்களாக் காட்டின மாதிரி ஆயிடும்."

அங்கப்பன், "சரி, அவ சொல்லட்டும். ஆனா நான் வாயை மூடிக்கிட்டு நிக்க மாட்டேன். 'வந்தது இல்லை. வந்தேன்.' இதை அவ மொழியிலயே எழுதிக் குடுங்க," என்றார்.

சுகிர்தா முகம் மலர எழுதிக் கொடுத்தார். இயக்குநர் தணிகைவேலும் ஒப்புக்கொண்டார்.

படப்பிடிப்பன்று, அரசியாக நடித்த ரேயா படியிறங்கி வந்து அங்கப்பனின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வேறொரு காட்சிக்காகப் படித்து வைத்திருந்த "ஒல்மீர் வந்தார்" என்ற மரியாதை வசனத்தை, யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டாள்.

அங்கப்பனின் பதிலுக்கு இடமில்லாமல் போயிற்று. மரியாதையாக அழைத்தவளிடம் எதை மறுப்பது? அவர் திகைத்து நின்றதை நெகிழ்ச்சி என்று எண்ணிக் கூட்டம் கைதட்டியது.

"இதுவே போதும். வம்பில்லாம முடிஞ்சது," என்றார் தணிகைவேல்.

"போதாது. மறுபடி எடுங்க. அந்தம்மா அந்தச் சொல்லைச் சொல்லணும்."

ரேயா கண் கலங்கினாள். "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் சார் மாத்தினேன்."

"என் மனசைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாம்மா?"

"என்னைத் திட்டுன்னு எவனாவது கேட்டு வாங்குவானா?" என்று தணிகைவேல் சிரித்தார். மறுபடி எடுக்க மறுத்துவிட்டார்.

அங்கப்பன் கிரீடத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். ஒட்டுத்தாடியைப் பிய்த்தெடுத்தபோது தாடை எரிந்தது. வாழ்நாளில் வாய்த்த ஒரே அரச வேடத்தை உதறிவிட்டு வெளியேறினார். பின்னர் அந்தப் பாத்திரத்தையே கதையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இழிசொல்லைப் படைத்தவர் சுகிர்தா. அதை விழுங்கியவள் ரேயா. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றவர் அங்கப்பன். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: அங்கப்பன் செய்ததே சரி. சுகிர்தாவின் சொல் கொடியதுதான்; ஆனால் கதையில் திமிர் பிடித்தவர்கள் வாயில் அதை வைத்தவர், எதிர்ச்சொல் கேட்டவுடன் அதையும் கொடுத்தார். ரேயாவின் உள்ளம் நல்லது, செயல் தவறு. அவள் தடுத்தது வசவை மட்டுமா? அதற்குக் கிடைக்கவிருந்த பதிலையும் அல்லவா தடுத்தாள்! காலமெல்லாம் உதை வாங்கிய மனிதர் ஒரே ஒருமுறை திருப்பிப் பேச வாய் திறந்தார். அந்த வாயை அடைத்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்களே, அதுதான் அநியாயம்.