கதவில்லாத கொட்டகை

"அம்மா, இந்த ஊர் என்னை வேலை செய்ய விடமாட்டேங்கு."

ஆற்றங்கரை மடத்து அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

வாசலில் கோமதிநாயகம் ஆசாரி நின்றார். தோளில் துண்டு, காதில் பென்சில். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார் விடமாட்டேங்கிறாங்க?"

"ஒருத்தரா, ரெண்டு பேரா? காலையில உளியைக் கையில எடுத்தா, கட்டில் கால் ஆடுதுன்னு ஒருத்தன் வாரான். அவனை அனுப்பிட்டு உக்காந்தா, கலப்பையைப் பாருங்கன்னு இன்னொருத்தன். ஒரு வேலையும் இல்லாதவன் சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்து மரத்தூள்ல சம்மணம் போட்டு உக்காந்துக்கிடுதான். ஓடம் எப்பம்மா முடியும்?"

அம்மா கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார்.

ஆசாரிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அம்மா அவரைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் மனைவி இறந்த பிறகு அவர் தேடி வந்தது, மடத்தை நடத்திவந்த, ஊரே அம்மா என்று கூப்பிடுகிற இவரைத்தான். மனசை ஓரிடத்தில் உட்காரவைக்கச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டார்.

"அக்கரைக்குப் போக ஒரு ஓடம் செஞ்சிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்" என்று சொல்லியிருந்தார் அம்மா.

அவர் ஓடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஐப்பசி மழையில் ஆறு பெருகிவிட்டால் அக்கரைக் குடிசைகளுக்கும் இந்தக் கரைக்கும் தொடர்பு அற்றுப்போகும். ஆஸ்பத்திரி இந்தக் கரையில் இருந்தது. அக்கரைச் சுயம்புவின் மருமகள் வடிவுக்கு அதுதான் பேறு மாசம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பெற வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மழைக்கு முன்னாலேயே மடத்துக்கு வந்துவிடு என்று அம்மா கூப்பிட்டுப் பார்த்தார். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது எப்படி வருவேன் என்று வடிவு மறுத்துவிட்டாள்.

ஆக, ஓடம் வேண்டும். மழைக்கு முன்னால் வேண்டும். அது போன தையிலிருந்து பாதி ஓடமாகவே கிடந்தது.

"கொட்டகைக்கு ஒரு கதவு போட்டா என்ன?" என்றார் அம்மா.

ஆசாரி தலையைச் சொறிந்தார்.

"ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு குடுத்தாச்சு. நமக்குன்னு ஒண்ணு செய்ய நேரம் வாய்க்கலை."

"சரி. நாளையிலிருந்து நான் கதவு."

"என்னது?"

"வாசல்ல நான் உக்காந்துக்கிறேன். யாரும் உள்ளே வரமாட்டாங்க."

ஆசாரி பதறிப்போனார். "நான் உள்ள உக்காந்து வேலை பாக்க, நீங்க வாசல் காக்கவா? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்ன சொல்லுதுன்னும் நானே கேட்டுக்கிறேன். நீங்க பலகையைப் பாருங்க."

*

மறுநாள் காலை கொட்டகை வாசலில், கூரை இறக்கத்தின் கீழ், அம்மா ஒரு ஓலைத் தடுக்கைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவர் கட்டில்கால்காரர்.

"ஆசாரியார் இல்லை" என்றார் அம்மா.

"உள்ள தட்டுத சத்தம் கேக்குதே?"

"ஓடம் செய்யறவர் இருக்கார். கட்டில் கால் பாக்கறவர் இல்லை."

வந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வந்த வழியே போய்விட்டார்.

தட்டுகிற சத்தம் நின்றது. உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"யாரும்மா அது?"

"போயிட்டாங்க."

"கட்டில்காலா? அதுக்கு ஒரு ஆப்பு அடிச்சாப் போதுமே. கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள…"

"போயிட்டாங்க."

தலை உள்ளே போயிற்று. அப்புறம் தெருவில் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் போனது. தலை வந்தது.

"யாரும்மா?"

"சைக்கிள்."

அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. தெருவே அடங்கிக் கிடந்தது. வேலை ஓடுவதற்கு இதைவிட நல்ல வேளை ஏது? ஆனால் தலை வந்தது. இந்த முறை உடம்பும் கூடவே வந்தது.

"ஏம்மா, யாருமே வரலையா?"

கேட்ட பிறகுதான் தன் குரலில் ஒரு குறை இருந்தது அவருக்கே தெரிந்தது. தான் இல்லாமல் ஊர் ஒரு காலைப் பொழுதைத் தள்ளிவிட்டதே என்று உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது. வருத்தப்பட்டதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பலகை வளைக்கும் வேலையைத் தொடங்கினார்.

ஓடத்தின் மூக்குக்கு வரும் பலகை அது. நனைத்த அயினி மரப் பலகையைத் தேங்காய்மட்டைத் தணலில் வாட்டி, நுனியில் கயிறு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வளைக்க வேண்டும். மரம் எவ்வளவு இணங்குகிறதோ அவ்வளவுதான் இழுக்கலாம். கயிறு கையிலேயே இருக்க வேண்டும்.

பலகை பாதி வளைந்திருந்தது. அப்போது வாசலில் சுயம்புவின் குரல் கேட்டது.

"பேரப்பிள்ளைக்கு ஒரு தொட்டில் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"தொட்டிலுக்கு என்ன அவசரம்?" என்றார் அம்மா. "பெறப்போறவ அக்கரையில இருக்கா. முதல்ல அவ இந்தக் கரைக்கு வந்து சேரணுமில்லையா?"

சுயம்புவுக்குச் சுருக்கென்றது. அதோடு அவர் போயிருப்பார்.

உள்ளே ஆசாரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அக்கரையிலிருந்து மெனக்கெட்டு வந்த மனிதர், ஒரு வார்த்தை பேசாமல் அனுப்புவதா? கயிற்றை ஒரு முளையில் சுற்றிவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"என்ன சுயம்பு, தொட்டிலா? தேக்குலயே செஞ்சிருவோம். கம்பி வச்சதா, கயிறு கட்டுததா, எப்படி வேணும்?"

உள்ளே மடாரென்று ஒரு சத்தம்.

மூன்று பேருக்கும் அது என்ன சத்தம் என்று தெரிந்துவிட்டது. ஆசாரி உள்ளே போனார். பலகை நடுவில் பிளந்து நெடுக விரிசல் ஓடியிருந்தது. ஒரு பக்கம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

அந்த நீளத்தில் இனி ஒரே ஒரு பலகைதான் மிச்சம்.

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டு ஆற்றுப்பக்கம் நடந்தார்.

*

சாயங்காலம் ஆசாரி உளிகளைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே வந்தார். அம்மா தடுக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனை பேரும்மா வந்து தொந்தரவு பண்ணினாங்க?"

"ரெண்டு பேர் வந்தாங்க. சொன்னதும் புரிஞ்சுக்கிட்டாங்க. இன்னொருத்தர்தான் சொல்லச் சொல்லக் கேக்காம வந்துகிட்டே இருந்தார்."

ஆசாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"யாரும்மா அது, இங்கிதம் தெரியாத ஆளு? பேரைச் சொல்லுங்க. நானே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"கோமதிநாயகம்."

ஆசாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

வீடு போய்ச் சேரும்வரை அம்மாமேல்தான் கோபம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது தன்மேல் திரும்பியிருந்தது. கைகால் கழுவி உட்கார்ந்தபோது கோபம் போய்விட்டது. வடிவின் முகம் மட்டும் கண்ணில் நின்றது.

*

மறுநாள் கடைசிப் பலகையை நனைத்துப் போட்டார். கயிற்றை முளையில் கட்டவில்லை. கையில் சுற்றிக்கொண்டார்.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது.

"யாரும்மா?" என்றார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"ம்" என்றார் அம்மா.

அன்று அப்படி நாலைந்து முறை கேட்டிருப்பார். எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் அதுவும் குறைந்தது.

பிறகு ஒரு நாள், யாரும்மா என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதே நேரம் பலகைக்குள் மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. மரம் இணங்குவதற்கு முன்னால் எழுப்புகிற சத்தம். இத்தனை வருஷம் மரத்தோடு புழங்கியும் அதை அவர் கேட்டதில்லை. கேட்குமளவுக்கு ஒரு மரத்தோடும் உட்கார்ந்திருந்ததில்லை. ஆசாரி மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றை ஒரு விரற்கடை இழுத்தார். பலகை வந்தது.

வாசலில் யாரோ இருமினார்கள். அது அவர் காதில் விழவில்லை.

மூக்குப் பலகை ஏறியது. பக்கப் பலகைகள் ஏறின. இடுக்குகளில் தென்னை நாரைத் திணித்தார். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பூசினார். பக்கத்தில் யாரோ கஞ்சி வைத்தார்கள், குடித்தார். யார் வைத்தது என்று நினைத்துப் பார்க்கவில்லை. வேலை கனமாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி போன பிறகு அவர் இவ்வளவு லேசாக இருந்ததே இல்லை.

கடைசி இடுக்கை அடைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். எழுந்தபோது முட்டி மளுக்கென்றது. அப்போதுதான் தலைக்கு மேலே பெரிய இரைச்சல் கேட்டது.

மழை.

நிமிர்ந்து பார்த்தார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் மரத்தூள் மிதந்தது. நேற்று இன்று பிடித்த மழையாகத் தெரியவில்லை.

"அம்மா!"

வெளியே வந்தார். அம்மா இல்லை. தடுக்கு மட்டும் கிடந்தது. அதன்மேல் புளிய இலை உதிர்ந்து மட்கியிருந்தது. ஓரத்தில் கரையான் ஏறி மண் பூசியிருந்தது. கரையான் ஒரு நாளில் இவ்வளவு ஏறாது.

ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

அக்கரையில் சுயம்பு ஒரு கம்பில் துண்டைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. இந்தக் கரையில் அம்மா நனைந்தபடி நின்றார். கூட நாலைந்து ஆட்கள் கயிறும் கழியுமாக நின்றார்கள்.

"வடிவுக்கு வலி எடுத்திருச்சு" என்றார் அம்மா. "ஓடம்?"

"ஆச்சு."

"இழுங்க."

*

போகும்போது ஓடம் சுழலில் ஒரு முறை திரும்பியது. ஆட்கள் கழியை ஊன்றி நிமிர்த்தினார்கள்.

வரும்போது வடிவு நடுவில் படுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆசாரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவர் இன்னொரு கையால் மூக்குப் பலகையின் இடுக்கைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

சுயம்பு அவர் காதோடு சொன்னார்.

"ஓடம் முடியுமா முடியாதான்னு தெரியாம எனக்கு உசிரே இல்லை அண்ணாச்சி. மூணு வாட்டி வந்தேன். கொட்டகைக்குள்ளயே வந்து நின்னேன். நீங்க நிமிரவே இல்லை. சரி, முடிஞ்சிரும்னு நிம்மதியாப் போயிட்டேன்."

"உள்ளயா வந்தீரு? அம்மா விட்டாவளா?"

"அம்மாவா? அம்மா அங்க எங்க இருந்தாவ? தடுக்குதான் கெடந்துச்சு."

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். சுயம்பு வராந்தாவில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அதைப் பார்த்து ஆசாரியும் அழுதார்.

*

மறுநாள் காலை ஆசாரி மடத்துக்குப் போனார். மழை விட்டிருந்தது. அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஓடம் முடிந்துவிட்டது, இனி மனசை உட்காரவைக்கச் சொல்லித் தாருங்கள் என்று கேட்கத்தான் வந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கதவா இருக்கேன்னு சொன்னீங்களேம்மா. வாசலை விட்டு எப்பம்மா எழுந்து போனீங்க?"

அம்மா கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"அந்தக் கோமதிநாயகம் வர்றதை நிறுத்தின அன்னைக்கு."