மறைக்கிறது, உட்காருங்கள்

செல்லச்சாமிக்கு ஒரு வாரமாகவே சோறு இறங்கவில்லை. ஊர் ஹாக்கி அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. அதுவே அவருக்குக் கவலையாகிப் போனது.

அணியின் ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. ஆரம்பித்தவர் புஷ்பலீலா டீச்சர், பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. செல்லச்சாமியைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் மட்டையின் எந்தப் பக்கம் பந்தில் படவேண்டும் என்பதிலிருந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். அதனால் அவரே குரு. குழுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை டீச்சர் செல்லச்சாமியிடம் விட்டிருந்தார்.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தைக் குறை சொல்லலாம். ஆடுகிற பிள்ளையை ஏசக் கூடாது.

அரையிறுதியில் ஜெயித்ததும் புதியவர்கள் திமுதிமுவென்று வந்து சேர்ந்தார்கள். அதில் கவின்ராஜ் என்று ஒருவன். கோல்கீப்பர் மாரிச்செல்வத்துக்குப் பதிலாக ஒரு எருமையைக் கட்டிப் போட்டாலும் இதைவிட நன்றாகத் தடுக்கும் என்று எழுதிவிட்டான். நிறையப் பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள்.

மாரிச்செல்வத்தின் அம்மா பேச்சியம்மாளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். ஆட்டம் உள்ள நாளெல்லாம் காலையில் குரலில் பேசி அனுப்புவார். எல்லாப் பிள்ளைகளும் அடிபடாமல் ஆடணும் சாமி என்பார். எதிரணிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இறுதிப் போட்டி நாளான இன்று காலை அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மைதானத்தில் டீச்சரைப் பார்த்ததும் செல்லச்சாமி அதையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

"புதுசா வந்தவங்களை மொத்தமா நீக்கிரட்டுமா டீச்சர்? கதவைத் திறந்தே போட்டா அந்தம்மா மாதிரி ஆளுக போயிருவாங்க. மூடிட்டா, அப்புறம் யாரு வருவா?"

டீச்சர் ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னார்.

செல்லச்சாமி எங்கே பார்த்தார்? கண்ணெல்லாம் கையிலிருந்த போனில். நம் அணி ஒரு கோல் அடித்தது கூட, பக்கத்தில் இருந்தவர் முதுகில் அறைந்த பிறகுதான் தெரிந்தது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நம் பையன் ஒருவன் காலில் பந்து பட்டு, எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது, கோலுக்குக் குறிபார்த்து அடிக்க நல்ல வாய்ப்பு. கேலரியே அடங்கிப் போனது. போனில் கவின்ராஜ் எழுதினான்: எருமை ரெடியா?

செல்லச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து இறங்கி, கம்பித் தடுப்பு ஓரமாகப் போய் நின்றார். கவின்ராஜ் பெயரை அழுத்தினார். நீக்கலாமா என்று போன் கேட்டது.

"ஏ வெள்ளைச் சட்டை, நீ என்ன கோல் கம்பமா? உக்காருய்யா."

பின்வரிசையிலிருந்து வந்த அந்தச் சத்தம் தனக்கு என்று அவருக்கு உறைக்கவில்லை. யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினார்.

முன்வரிசையில் பேச்சியம்மாள். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, என் பிள்ளை தெரிய மாட்டேங்கான். கொஞ்சம் உக்காருங்க."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த வயர்க்கூடையைத் தூக்கி மடியில் வைத்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார். ஓர் ஆள் உட்கார இடம் வந்தது.

செல்லச்சாமி உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. டீச்சரும் இறங்கி வந்து பக்கத்துப் படியில் அமர்ந்தார்.

"வெளிய போங்கன்னு யாராவது சொன்னாங்களா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர்."

"சரி, நின்னுட்டுப் போறாருன்னு விட்டாங்களா?"

"அதுவும் இல்ல."

கோல் கோட்டில் மாரிச்செல்வமும் மற்றப் பிள்ளைகளும் குனிந்து நின்றார்கள். பேச்சியம்மாளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

செல்லச்சாமி போனைப் பார்த்தார். நீக்குவதை விட்டுவிட்டு, எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். தம்பி, மாரிச்செல்வத்தின் அம்மா என் பக்கத்தில் இருக்கிறார். இங்கே பிள்ளைகளை ஏசுவதில்லை. கார்னரை எப்படித் தடுக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

அனுப்பிவிட்டார். அனுப்பியதும் பயம் வந்துவிட்டது.

"அந்தக் கவின்ராஜ் உக்காராட்டி, டீச்சர்?"

டீச்சர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க உக்காந்துட்டீங்கல்ல."