கிளம்ப மறுத்த புல்வண்டி

மாலை ஜெபம் முடிந்து இருட்டிவிட்டது. கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

கிர்ர்ர்... கிர்ர்ர்... அப்புறம் ஒன்றுமில்லை.

மறுபடி, கிர்ர்ர்.

"காட்டுப்பன்னி வந்திருக்கு சிஸ்டர்." வாட்ச்மேன் சூசை தடியைத் தேடினார்.

"பன்னி இல்லை. எமல்டா."

சிஸ்டர் பெனிட்டா டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். சூசையும் பின்னாலேயே போனார்.

மலைமேல் இருந்த அந்தக் கன்னியர் மடத்துக்கு ஒரு பள்ளி. பள்ளிக்குப் பெரிய மைதானம். மைதானத்துக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வண்டி. ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சிஸ்டர் பெனிட்டா. கற்றுக்கொண்டவள் எமல்டா; கைக்குழந்தையோடு, மழைக்கு ஒதுங்குகிற மாதிரி மடத்துக்கு வந்தவள். சிஸ்டரைவிட வயதில் மூத்தவள்.

"உசிரை வாங்குது சிஸ்டர். கிளம்பவே மாட்டேங்குது."

"என்ன பார்த்தே?"

"பெட்ரோல் இருக்கு. பேட்டரி முனையைச் சுரண்டினேன். ப்ளக்கைக் கழட்டித் துடைச்சுப் போட்டேன். ஏர் ஃபில்டரைத் தட்டிட்டேன். பிளேடு லீவரும் கீழேதான் இருக்கு."

"பிரேக்?"

"மிதிச்சுக்கிட்டுதான் சாவியைத் திருப்பறேன்."

"எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் சிஸ்டர்?"

சிஸ்டர் டார்ச்சை வண்டியின் மேல் அடித்தார்.

மடத்துத் தலைவி மதர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை விளையாட்டு விழா. நாளைக் காலை வண்டி ஓடாவிட்டால் டவுனிலிருந்து ஆள் வருவான். வேலை அவனுக்கு. வேலையோடு சேர்ந்த அறையும் அவனுக்கு.

"பொம்பளைக்கு எதுக்கு சிஸ்டர் இந்த வண்டி?" என்றார் சூசை. "அரிவாளைக் குடுங்க, குனிஞ்சு அறுக்கட்டும்."

எமல்டாவுக்குக் காது சிவந்தது.

"திருப்பு, பார்க்கலாம்" என்றார் சிஸ்டர்.

எமல்டா ஏறினாள். ஒரு கால் பிரேக்கில். ஒரு கால் தரையில். உடம்பு சீட்டின் நுனியில். காது மட்டும் கொட்டகையின் பின்பக்கம் இருந்த தன் அறையில், தூங்குகிற பாப்பாவிடம்.

கிர்ர்ர்.

"இறங்கு."

சிஸ்டர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஏறினார். நன்றாகச் சாய்ந்தார். சாவியைத் திருப்பினார்.

வண்டி உறுமியது. சூசை ஓரடி பின்னால் போனார்.

சிஸ்டர் அணைத்துவிட்டு இறங்கினார்.

"என்ன பண்ணினீங்க?"

"உட்கார்ந்தேன்."

"நானும் உட்கார்ந்துதானே..."

சிஸ்டர் சீட்டைக் கையால் அழுத்தினார். அடியில் ஏதோ 'டிக்' என்றது. கையை எடுத்தார். மறுபடி 'டிக்'.

"சீட்டுக்கு அடியில சுவிட்ச். ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியணும்."

எமல்டா சீட்டையே பார்த்தாள்.

"நான் வளர்ந்த போர்டிங்ல நாற்காலி நுனியிலதான் உட்காரச் சொல்லுவாங்க சிஸ்டர். கூப்பிட்டா சட்டுனு எழுந்திருக்கணும்னு."

"இப்போ யார் கூப்பிட்டா?"

எமல்டா சீட்டைத் தானும் அழுத்திப் பார்த்தாள். 'டிக்'.

திரும்பும் வழியில் அவள் அறை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கதவுக்குப் பின்னால், கட்டிவைத்த பை.

"தாழ் இருக்கே. போடறதில்லையா?"

"போகச் சொல்லி யாராவது வந்து தட்டினா பாப்பா முழிச்சுக்குவா. திறந்தே இருந்தா, சத்தமில்லாம தூக்கிட்டுப் போயிடலாம்."

சிஸ்டர் பையைப் பார்த்தார். "தூங்கு" என்றார்.

காலையில் பனி உலர்ந்ததும் மைதான ஓரத்தில் கூட்டம். மதர், பிள்ளைகள், சூசை. பாப்பா சிஸ்டர் இடுப்பில்.

எமல்டா ஏறினாள். இரண்டு காலும் மேலே. முதுகு சீட்டில்.

ஒரே திருப்பு.

அவள் போன வழியெல்லாம் பச்சைப் பட்டையாக விரிந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். சூசை முன்னால் ஓடி ஓடிக் கல் பொறுக்கினார்.

"இந்தப் பக்கம் கல்லு கிடக்கும்மா, பார்த்து!"

"பார்த்துட்டேன். நீங்க காலைப் பார்த்துக்குங்க!"

முடித்துவிட்டு வண்டியை மதர் முன்னால் நிறுத்தினாள். எழுந்திருக்கவில்லை.

"மூலைப் பக்கம் நாளைக்கு இன்னொரு சுற்று விடணும் மதர்."

'விடட்டுமா' என்று கேட்கவில்லை.

மதர் மைதானத்தைப் பார்த்தார். சிஸ்டர் பெனிட்டாவைப் பார்த்தார்.

"டவுனுக்குப் போன் போட்டு ஆள் வேண்டாம்னு சொல்லிடுங்க."

அன்று இருட்டிய பிறகு கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம். சூசை தடியைத் தேடினார்.

"தேடாதீங்க" என்றார் சிஸ்டர்.

எமல்டாவின் அறைக்கு உள்ளேயிருந்து, துருப்பிடித்த தாழ் ஒன்று முனகி, நகர்ந்து, முழுசாக விழுந்தது.