மஞ்சள் கொடியை விட்டு நகராத நால்வர்

பெயிண்ட் விற்க அறிவு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டப்பாவின் மேலேயே நிறம் அச்சடித்திருக்கும். பார்த்து எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த வேலையை நெல்லைச் சீமையிலேயே சிறப்பாகச் செய்த நான்கு கடைக்காரர்களை ஒரு கம்பெனி கௌரவிக்க நினைத்தது. ஆளுக்கொரு சால்வையோடு விட்டிருக்கலாம். விதி யாரை விட்டது? மயாமியில் கப்பலேற்றி, ஏழு நாள் கரீபியன் கடலைச் சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டது.

நால்வருக்கும் தலைவர், பெயிண்ட் வியாபாரிகள் சங்கத்துக்கும் தலைவர், சங்கரன்கோவில் ஆவுடையப்பன். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பார், கேள்வி வருவதற்கு முன்னாலேயே. அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டக் கடையநல்லூர் மைதீன் பிச்சையும் நாசரேத் ஞானதுரையும் இருந்தார்கள். நான்காவது ஆள் புளியங்குடி புன்னைவனம். மற்ற மூவரைவிடத் தனக்குப் புத்தி அதிகம் என்பது அவருடைய நம்பிக்கை. உண்மைதான். அந்த மூவரைவிட அதிகம் என்றால் எவ்வளவு இருக்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எல்லோரையும்விட அதிகம் விற்றவர் புன்னைவனம். ஆறாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கப்பலின் மேல்தளத்தில் அவருக்குக் கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கென்றே அவர் மனைவி ஒரு பட்டு வேட்டியை மடிப்புக் கலையாமல் வைத்து அனுப்பியிருந்தாள். தினம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு மூடுவார்.

அந்த ஆறாம் நாள்தான் கடைசித் துறைமுகம். ஒரு குட்டித் தீவு. அதன் பெயரை நால்வரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். நான்கும் தப்பு என்பதால் நாமும் விட்டுவிடுவோம்.

இறங்குவதற்கு முன்னால், கம்பெனி சார்பில் கூட்டிவந்த பிரமிளா மேடம், கையில் ஒரு மஞ்சள் கொடியோடு எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னாள்.

"தீவுல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். அதை நம்பாதீங்க. நமக்குக் கப்பல் நேரம்தான். நாலரைக்கு எல்லாரும் கப்பலுக்குள்ள இருக்கணும். பீச்ல இருந்து பத்து நிமிஷ நடைதான். வேன்ல வர்றவங்க வரலாம், நடக்கிறவங்க நடக்கலாம். ஆனா அதுவரைக்கும் மஞ்சள் கொடியை விட்டு மட்டும் நகராதீங்க."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குச் சங்கத் தலைவராக இருந்த அனுபவம் இல்லை.

"கப்பல் நேரம் எங்க இருக்கும்?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"கப்பல்லதான் அண்ணாச்சி" என்றார் ஞானதுரை.

"அப்போ வாட்சைக் கையில கட்டிக்கிட்டு கரையில இறங்கினா?"

மைதீன் பிச்சை பதறிப்போனார். "கரை நேரமா மாறிருமே!"

"அதுதான் சொல்லுதேன். எல்லாத்தையும் கழத்தி ரூம்ல வையும்வே. செல்போனையும் வையும், அதுலயும் மணி ஓடுது."

மணி பார்க்க ஒன்றும் இல்லாமல் நாலரை மணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புன்னைவனத்துக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் மூன்று பேர் கழற்றும்போது ஒருவர் மட்டும் கட்டியிருப்பது மரியாதையா? அவரும் கழற்றி, பட்டு வேட்டியின் மேலேயே வைத்தார்.

கடற்கரையில் மேடம் கையில் கொடியோடு நிழல் தேடி நடந்தாள். நால்வரும் பின்னாலேயே போனார்கள். பாதி வழியில் மணலில் நட்டிருந்த இன்னொரு மஞ்சள் கொடி கண்ணில் பட்டது. 'அலை கொஞ்சம் அதிகம், பார்த்துக் குளி' என்பதற்காகக் கடற்கரைக் காவலர் நட்டு வைத்தது.

"இப்போ எந்தக் கொடி?" என்று புன்னைவனம் நின்றார்.

ஆவுடையப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நகராதீங்கன்னுதானே மேடம் சொன்னா? அந்தக் கொடி நகருது. இது நகரல. நகராம நிக்கணும்னா எதுகூட நிக்கணும்?"

கைதட்டாத குறையாக ஒப்புக்கொண்டு, கொடிக்கம்பைச் சுற்றி நால்வரும் நின்றார்கள். உலகமே காசு கொடுத்து வந்து குளிக்கும் நீலக் கடல் பத்தடியில் கிடந்தது. இவர்கள் வெயிலில் ஆணியடித்தது போல நின்றார்கள்.

அங்கே ஒரு பலகையும் இருந்தது. புன்னைவனம் எழுத்துக் கூட்டி வாசித்து அர்த்தம் சொன்னார்: "காலடித் தடத்தைத் தவிர வேற எதையும் இங்க விட்டுப் போகாதீங்கன்னு போட்டிருக்கு."

"அப்போ தடத்தைக் கண்டிப்பா விட்டுட்டுப் போகணுமா?" என்றார் மைதீன் பிச்சை.

"அப்படித்தான் அர்த்தம் வருது."

ஒருவர் கொடிக்குக் காவல், மற்ற மூவர் தடம் பதிக்க என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஈர மணலில் ஆளுக்கு இரண்டு தடம் அழகாக விழுந்தது. அலை வந்தது, துடைத்தது. மறுபடி பதித்தார்கள். அலை மறுபடி வந்தது. பன்னிரண்டாவது தடவை ஞானதுரை அழாத குறை.

"எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர் இருந்தாப் போதும் அண்ணாச்சி. ரெண்டு கோட்டிங் குடுத்தா எந்த அலையும் அசைக்காது."

"ஈரத்துல பெயிண்ட் பிடிக்குமாவே? இத்தனை வருஷம் கடை வச்சு என்னத்தைப் படிச்சீரு? முதல்ல காய வைக்கணும்."

பெயிண்ட் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. மூவரும் மண்டியிட்டுத் தொப்பியால் மணலுக்கு விசிறிக் காயவைத்தார்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இதை ஏதோ வழிபாடு என்று நினைத்துத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனது.

மேடம் ரோட்டோரம் வேன் பக்கத்தில் நின்று தன் கொடியை ஆட்டினாள். நால்வரும் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். நடந்து வருகிறோம் என்கிறார்கள் போல என்று நினைத்து அவள் ஏறிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து, தோளில் சுறாமீன் பச்சை குத்தியிருந்த காவலர் வந்தார். கொடியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நால்வரும் வரிசையாகப் பின்னால் போனார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். வேகமாக நடந்தார். இவர்களும் வேகமாக நடந்தார்கள். அவர் ஓடினார். அதற்குமேல் சொல்ல வேண்டாம்.

ஒரு கொட்டகை வாசலில் மூச்சிரைக்க நின்று, கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டைகளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. கைக்கடிகாரத்தைக் காட்டினார். மணி நான்கு.

"நம்பாதீரும்வே. இது தீவு நேரம்" என்று ஆவுடையப்பன் சிரித்தார்.

புன்னைவனம் விரலை மடக்கினார். "ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும்னு மேடம் சொன்னாளே... அப்போ கப்பல்ல மணி அஞ்சு!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கப்பல் ஊதியது.

பட்டு வேட்டியும் கேடயமும் கண்முன் வந்தன. அன்று முதல்முறையாகப் புன்னைவனம் யாரையும் கேட்காமல் ஓடினார். மற்ற மூவரும் பின்னால் ஓடினார்கள். நீளமான துறைமேடையில் அவர்கள் கால் வைத்தபோது ஏணிப்பாலம் இன்னும் எடுக்கப்படவில்லை. ஓடியிருந்தால் ஏறியிருக்கலாம்.

ஆனால் மேல்தளத்தில் இரண்டாயிரம் பேர் கூடிவிட்டார்கள். தாமதமாக ஓடிவருகிறவர்களைக் கண்டால் கைதட்டிக் கத்துவது கப்பல் பயணிகளுக்கு ஒரு பொழுதுபோக்கு. விசில் பறந்தது.

ஆவுடையப்பன் பிரேக் போட்டார். "நில்லும் புன்னைவனம். உமக்குத்தான் வே! விழாவை முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டாங்க."

புன்னைவனத்தின் கண் கலங்கியது. இத்தனை பேர்! புளியங்குடியில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நின்றார், கைகூப்பினார். "கம்பெனி முதலாளி அவர்களே, சக வியாபாரிகளே" என்று நன்றியுரையைத் தொடங்கினார். ஆறு நாளாக மனப்பாடம் செய்தது. ஒரு வரியும் விடவில்லை. அவர் 'நன்றி, வணக்கம்' சொன்னபோது கப்பல் கால் மைல் போயிருந்தது. மூவரும் விடாமல் கைதட்டினார்கள்.

துறைமுக ஏஜெண்ட் வந்து, கப்பலிலிருந்து இறக்கிவைத்திருந்த நான்கு பாஸ்போர்ட்டையும் தன் போனையும் கொடுத்தார். மறுமுனையில் மேடத்துக்குக் குரல் கட்டியிருந்தது.

"இன்னைக்கே விமானத்துல ஏத்திவிடச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில மயாமி துறைமுகத்துக்கு வந்துருங்க. கப்பல்ல இருந்து எல்லாரும் எட்டு மணிக்கு இறங்குவாங்க. நீங்களும் அவங்களோட சேர்ந்து ஊருக்குக் கிளம்பலாம். கேடயம் என்கிட்ட பத்திரமா இருக்கு. தயவுசெஞ்சு நீங்களா எதுவும் யோசிக்காதீங்க."

சத்தியமாக யோசிக்கவில்லை. மறுநாள் ஏழரைக்கே மயாமியில் ஆஜரானார்கள். கப்பல் வந்து நின்றது. ஏணிப்பாலத்தில் ஜனங்கள் பெட்டியும் பையுமாக இறங்கத் தொடங்கினார்கள். புன்னைவனத்தின் முகம் மாறியது.

"அண்ணாச்சி, எல்லாரும் எட்டு மணிக்கு இறங்கணும்னுதானே சொன்னா மேடம்?"

"ஆமா."

"நாமளும் அந்த 'எல்லாரும்'ல சேத்திதானே?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எட்டாக இன்னும் ஐந்து நிமிடம். நெரிசலைக் கிழித்துக்கொண்டு, பெட்டிகளில் இடித்துக்கொண்டு, மேல்நோக்கி ஏறினார்கள். வாசலில் அதிகாரி ஒருவர் இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். பயணம் முடிந்துவிட்டது, இப்போது எதற்காக ஏறுகிறீர்கள் என்று அதட்டினார்.

ஆவுடையப்பன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏறாம எப்படி சார் இறங்குறது?"