நாலாவது பாட்டில்

"மேடம், நாலாவது பாட்டிலை ஏத்தட்டுமா?" என்று கேட்டார் தணிகாசலம்.

ஐம்பத்திரண்டு வயது அறுவை மருத்துவர். சின்ன ஊரில் இருபத்தைந்து வருடம் கத்தி பிடித்துவிட்டு, தீவிர சிகிச்சை கற்றுக்கொள்ள நகரத்துக்கு வந்திருந்தார். கற்றுத்தர வாய்த்த டாக்டர் நிலோஃபர் அவர் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவர். வெட்கமெல்லாம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. பயம்தான் போகவில்லை.

கட்டிலில் மரியதாஸ், லாரி டிரைவர். ரத்தத்தில் கிருமி. வென்டிலேட்டர்தான் மூச்சு. மூன்று பாட்டில் சலைன் உள்ளே போயும் பிரஷர் எண்பதைத் தாண்டவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் மனைவி பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏத்தினதைத் திரும்ப எடுக்க முடியுமா சார்?"

"அது எப்படி முடியும்?"

"அப்ப, திரும்ப எடுக்க முடியறதை முதல்ல குடுத்துப் பாருங்க."

தணிகாசலத்தின் கையில் பாட்டில் அப்படியே இருந்தது. ஆள் சாகக் கிடக்கிறான், இந்தம்மா விடுகதை போடுகிறார்!

நிலோஃபர் ஸ்கேன் கருவியை நோயாளியின் நெஞ்சில் வைத்தார். இதயம் தள்ளும் ரத்தத்தின் கணக்கு திரையில் வந்தது. பதினைந்து.

"காலை உயர்த்தணும் சார்."

தணிகாசலம் பதறிப்போய் இரண்டு கால்களையும் பிடித்துத் தூக்கப் போனார்.

"கையை எடுங்க! நீங்க இழுத்தா வலியிலயே துடிப்பு ஏறிடும். கட்டிலைத் தூக்குங்க."

தணிகாசலம் கட்டிலின் பொத்தானை அழுத்தினார். தலைப்பக்கம் தாழ்ந்தது, கால்பக்கம் உயர்ந்தது.

ஒரு நிமிடம்.

பதினைந்து. பதினைந்து. பதினைந்து.

"கால்ல இருந்த ரத்தம் அரை பாட்டில் அளவுக்கு நெஞ்சுக்கு வந்தாச்சு. இதயம் சட்டையே பண்ணல. இனிமே ஏத்துற தண்ணி உடம்புலதான் தேங்கும், வேண்டாம்."

கட்டில் இறங்கியது. வந்த ரத்தம் கால்களுக்கே திரும்பியது. ரத்தக்குழாயை இறுக்கும் மருந்தை நிலோஃபர் கொஞ்சம் கூட்டினார்.

பிரஷர் எண்பத்தாறு. தொண்ணூற்றெட்டு.

தணிகாசலத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே ரோஷமும் வந்தது.

"எங்க ஊர்ல பிரஷர் எறங்கினா பாட்டில்தான் மேடம். காலைத் தூக்கிப் பாத்ததே இல்ல. எத்தனை பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க தெரியுமா?"

"போகாதவங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். பாட்டில் பாட்டிலாக ஏற்றியும் பிழைக்காத ஒருவரின் வீங்கிய விரல்தான் முதலில் நினைவுக்கு வந்தது; கழற்ற முடியாத மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.