ஒரு பகல் முழுக்க இறந்துகிடந்த அரசர்

வெகு காலத்துக்கு முன், ரைன் ஆற்றுக்கு மேற்கே பிராங்கிய இனத்தார் ஆண்ட நாட்களில், ஆடல்மர் என்றொரு அரசர் இருந்தார். அந்த நாட்டில் தலைமுடிதான் மணிமுடி. அரச குலத்தில் பிறந்தவர் தலையில் கத்தரி படக்கூடாது. பட்டால் அரசுரிமை போய்விடும்; அப்புறம் மடத்தில் துறவியாக வேண்டியதுதான். ஆடல்மர் தம் மூன்று சகோதரர்களின் முடியை அப்படி வெட்டித்தான் அரியணை ஏறினார். அவருடைய முடியோ இடுப்புக்குக் கீழே தொங்கியது.

வயது ஏற ஏற அவருக்கு ஒரு கவலை பிடித்தது. ஒருநாள் விருந்தின் நடுவே கேட்டார்: “நான் இறந்த பின் மக்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள்?”

“போற்றுவார்கள், அரசே” என்றார் அரண்மனை எழுத்தர் ஓட்கர். பொய் சொன்னதற்காக அவரைச் சிறையில் தள்ளினார்கள். அடுத்து ஒரு படைத்தலைவன், “அஞ்சுவார்கள்” என்றான். உண்மை சொன்னதற்காக அவனும் சிறைக்குப் போனான். இருவருக்கும் மரண தண்டனை. அதன்பிறகு யாரும் ரொட்டியைக் கூடச் சத்தமாக மெல்லவில்லை.

அப்போது அரண்மனை மேலாளன் வாரின் எழுந்தான். விகடகவி லாண்டோவுக்கு அரசரிடம் இருந்த செல்வாக்கு அவனுக்கு நெடுநாளாக உறுத்தி வந்தது.

“அரசே, லாண்டோவுக்குத் தெரியாததா? அவன் தங்கள் செவியே கேட்கும்படி செய்வான்.”

அரசர் லாண்டோவைப் பார்த்தார். “நாளை மாலைக்குள் நான் அதைக் கேட்க வேண்டும். பொய் கலந்தால் உன் தலை போகும். என்னை நீ அவமதித்தாலும் போகும்.”

லாண்டோ வீட்டுக்கு ஓடி வந்து நடந்ததைச் சொன்னான். விஷயத்தைக் கேட்ட மனைவி ஆல்டா கதவைச் சாத்தினாள்.

“ஓடிடலாம்ங்க. இப்பவே.”

“குதிரையில துரத்துறவங்ககிட்ட நடந்து போறவன் எவ்வளவு தூரம் ஓட முடியும், ஆல்டா?”

மறுநாள் விடிந்ததும் அவன் அரசரைத் தனியே சந்தித்தான். இரண்டு மெய்க்காவலர் மட்டும் அருகே நின்றார்கள்.

“அரசே, தாங்கள் இறந்த பின் பேசுவதைக் கேட்க வேண்டுமானால், முதலில் தாங்கள் இறக்க வேண்டும்.”

காவலர் இருவரின் வாள்களும் பாதி உறையை விட்டு வந்தன. அரசர் கையை உயர்த்தினார். “பேசு.”

“இன்று தேவாலயத்தின் காலை மணி முதல் மாலை மணி வரை தாங்கள் இறந்தவர் என்று ஓர் ஆணை எழுதி, முத்திரை வையுங்கள். மற்றதை ஊரே சொல்லும்.”

அரசர் ஆணை எழுதி முத்திரை வைத்தார்.

காலை மணி அடித்ததும் அரசர் மறைந்தார் என்று காவலர்கள் அறிவித்தார்கள். பெரிய மண்டபத்தில் பாடை வைத்து, அவர் முகத்தில் மெல்லிய துணி போர்த்தினார்கள். லாண்டோ தலைமாட்டில் மெழுகுவர்த்தியோடு நின்றான். உருகிய மெழுகு கையில் விழுந்தது. அவன் அசையவில்லை.

மக்கள் வந்தார்கள். அழுகைச் சத்தம் மட்டும் வரவில்லை.

அரண்மனைத் துணி வெளுக்கும் இம்மா பாடையருகே வந்து நின்றாள். “காட்டுல ஒரு பன்னியை அடிச்சதுக்கு எம் புருஷனைத் தூக்குல போட்டீங்க. உங்களுக்காக நாலு சொட்டு அழுதுட்டுப் போகலாம்னுதான் வந்தேன் சாமி. வரமாட்டேங்குது.” விலகிக் கிடந்த போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

ஒரு கிழட்டுச் சிப்பாய், “ஆத்துக்குப் பாலம் போட்டது இவருதான். அதைச் சொல்லணும்ல” என்றான். பிறகு சொல்ல வேறு ஏதாவது தேடிப் பார்த்து, கிடைக்காமல் நகர்ந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் மண்டபம் காலியானது. வாரின் உள்ளே வந்தான். கையில் கத்தரி இருந்தது.

“இளவரசனை மடத்துக்கு அனுப்ப ஆள் தயார். அவன் முடியை வெட்டுமுன் இந்தக் கிழவனுடையதில் பழகிக்கொள்கிறேன்” என்று சொல்லி அரசரின் முடியில் ஒரு கற்றையைத் தூக்கினான். சட்டென்று நின்றான். “முகத்துணி அசைகிறதே!”

“காற்று” என்றான் லாண்டோ.

“எல்லாச் சன்னலும் சாத்தியிருக்கிறதே.”

அந்த நொடியில் மாலை மணி அடித்தது. அரசர் எழுந்து உட்கார்ந்தார். கத்தரி தரையில் விழுந்தது. வாரின் அதன் பக்கத்திலேயே விழுந்தான். வாசலில் நின்ற காவலர்கள் உள்ளே ஓடி வந்தார்கள்.

“இவன் தலையை வெட்டுங்கள்!” அரசரின் குரல் நடுங்கியது. அவரும் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் லாண்டோவுக்குப் புரிந்தது. “அந்த வெளுக்கும் பெண்ணையும் இழுத்து வாருங்கள்!”

லாண்டோ ஆணையை நீட்டினான். “அரசே, உயிரோடு இருக்கும் அரசருக்கு எதிராகப் பேசினாலோ நடந்தாலோதான் சட்டப்படி குற்றம். இவர்கள் பேசியபோது தாங்கள் இறந்தவர். தங்கள் முத்திரையே சாட்சி. உயிரோடுதான் இருந்தேன் என்றால், முத்திரை பொய் சொன்னதாகிவிடும்.”

அரசர் தம் முடியைத் தடவிப் பார்த்தார். முழுதாக இருந்தது.

“அப்படியானால் வாரினையும் நான் தொட முடியாதா?”

“முடியாது. ஆனால் இறந்த அரசரின் மேலாளனுக்கு வேலை முடிந்துவிட்டது. தாங்கள் புதிதாக நியமித்தால்தான் உண்டு.”

அரசர் சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு என்று தெரியாமல் காவலர்கள் சுவரோடு ஒட்டினார்கள். சிரிப்பு பெருத்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாடையிலேயே உருண்டார். “நியமிக்கமாட்டேன்!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த பொன் கச்சையை அவிழ்த்து லாண்டோவிடம் எறிந்தார். “இன்னும் என்ன வேண்டும்?”

“இறந்த அரசர் விதித்த மரண தண்டனைகளும் அவரோடு போயின, அரசே. சிறையில் பதினொரு பேர் இருக்கிறார்கள்.”

சிரிப்பு நின்றது. அரசர் வாரினின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைச் சுட்டிக் காட்டினார்.

“சாவியை எடுத்துக்கொண்டு ஓடு” என்றார். “எனக்கு மனம் மாறுவதற்குள்.”

லாண்டோ ஓடினான். கதவைத் திறந்ததும் பதினொரு பேரும் கண்ணைச் சுருக்கியபடி வெளியே வந்தார்கள். எழுத்தர் ஓட்கர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ராஜா செத்துட்டாருன்னு காவல்காரன் சொன்னான். புது ராஜா யாருப்பா?”

“பழையவரேதான் ஐயா” என்றான் லாண்டோ. “கொஞ்சம் வேகமா நடங்க.”