ஓணான் விழுங்கிய சொல்

ஊர்வனவும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் காட்டாற்றை ஒட்டி ஒரு குடிசை இருந்தது. வெள்ளாடு மேய்க்கும் வீரணனும் அவன் மனைவி ராக்காயியும் அதில் குடியிருந்தார்கள். அவர்களோடு ஓர் ஓணானும் ஒரு பல்லியும் இருந்தன. ஓணானுக்குக் கூரை விட்டத்தின் நடுவிடம். பல்லிக்குச் சுவரில் எங்கே ஒட்டிக்கொள்ள முடிகிறதோ அங்கே.

அந்த வீட்டுக்கு யோசனை சொல்வது ஓணான்தான். ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது, கிடாயை எப்போது விற்பது, எதுவானாலும் வீரணன் விட்டத்தை அண்ணாந்து பார்ப்பான். ஓணான் உடனே வாய் திறக்காது. காற்றைக் கவனிக்கும். எறும்பு போகும் திசையைப் பார்க்கும். கண்ணை மூடி உச்சிவேளை வரை யோசிக்கும். அப்புறம் ஒரு சொல் சொல்லும். பெரும்பாலும் அது சரியாக இருக்கும். அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களும் வந்து கேட்டுப் போவார்கள். அவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பது ஓணானுக்குப் பிடித்திருந்தது.

பல்லி யோசிக்காது. வாயில் எது வருகிறதோ அது வெளியே வந்துவிடும். சொன்ன பிறகு, வேறு யாரோ பேசியதுபோல் அதுவே திரும்பிப் பார்க்கும். ஓணான் அதைத் தங்கச்சி என்று கூப்பிடுமே தவிர, ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

மாசித் திருவிழா வந்தது. ராக்காயி செம்மண் பூசிய சுவரில் சுண்ணாம்பைத் தொட்டு விரலால் ஆடுகள் வரைந்துகொண்டிருந்தாள். வருடா வருடம் வரைவதுதான். கால் எங்கே வர வேண்டும், கொம்பு எவ்வளவு வளைய வேண்டும் என்று ஓணான் மேலிருந்து சொல்லும், அவள் அப்படியே வரைவாள். அன்றைக்கு நடுவில் பல்லி, "முன்னங்காலைத் தூக்கிப் போடு" என்றது. அவள் விரல் தானாக மேலே போய்விட்டது. மற்ற ஆடுகளெல்லாம் கட்டிப்போட்டதுபோல் நிற்க, அது ஒன்று மட்டும் சுவரைவிட்டு இறங்கி ஓடப்போவதுபோல் இருந்தது.

ராக்காயி பின்னால் நகர்ந்து வெகுநேரம் அதையே பார்த்தாள். "இது என் கையில எப்படி வந்துச்சு" என்றாள் மெதுவாக.

சாயங்காலம் பக்கத்துக் குடிசைப் பெண்கள் வந்தார்கள். எல்லோர் கண்ணும் அந்த ஓர் ஆட்டின் மேலேயே இருந்தது. தான் சொல்லி வரைந்த ஆடுகளை ஒருத்தியாவது பார்க்கிறாளா என்று ஓணான் விட்டத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தது. ஒருத்தியும் பார்க்கவில்லை. அதற்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அடுத்த மழையில் இன்னொன்று நடந்தது. ஆட்டுப் பட்டியின் மண்சுவரோரம் உட்கார்ந்து வீரணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "எந்திரி" என்றது பல்லி. ஏன் என்று கேட்காமலே எழுந்துவிட்டான். அவன் விலகவும், ஊறிப்போயிருந்த சுவர் சரிந்து கஞ்சிக் கலயத்தை மூடவும் சரியாக இருந்தது. அதன்பிறகு வீரணன் வெளியே கிளம்பும்போது விட்டத்தைப் பார்க்கவில்லை, பல்லி இருக்கும் சுவரைப் பார்த்தான்.

ஓணானுக்கு இரை இறங்கவில்லை. பல்லி சொல்வதையெல்லாம் உற்றுக் கேட்டது. பலிக்காமல் போனவை ஏராளம். மழை என்ற அன்று வெயில் கொளுத்தியது. விருந்தாளி என்ற அன்று தெருநாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவற்றை யாரும் நினைவில் வைக்கவில்லை, பலித்ததையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். அதைவிட ஓணானை எரித்தது வேறொன்று. பல்லி வாயெடுத்தால் தன் தலையும் தானாக அந்தப் பக்கம் திரும்புவதை அது கண்டுகொண்டது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சுவருக்கு இறங்கி வந்தது.

"தங்கச்சி, சுவர் விழும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாதுண்ணே."

"பிறகு எப்படிச் சொன்னே?"

"வாய்க்கு வந்துச்சு. சொன்ன பிறகுதான் நானே கேட்டேன்."

பல்லி பொய் சொல்லவில்லை. அது தெரிந்ததால்தான் ஓணானுக்கு இன்னும் கசந்தது. யாரிடமாவது கற்றுக்கொண்டு வந்திருந்தால் தானும் போய்க் கற்கலாம். எங்காவது ஒளித்து வைத்திருந்தால் திருடலாம். இதை எங்கே போய்த் தேடுவது?

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று குரலைக் குழைத்தது. "ஆளுக உன் பேச்சை நம்பி உயிரையே வச்சிருக்காக. காரணம் தெரியாம ஒண்ணைச் சொல்லலாமா? இனிமே ஏதாச்சும் வாய்க்கு வந்தா உடனே விட்டுடாதே. ஏன் வந்துச்சுன்னு யோசி. காரணம் கிடைச்சாச் சொல்லு. கிடைக்கலேன்னா முழுங்கிடு."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்றது பல்லி. அதற்கு ஓணான்மேல் அத்தனை மதிப்பு.

அதோடு பல்லியின் வாய் அடங்கிப்போனது. வார்த்தை வரும், காரணம் தேடும், கிடைக்காது, விழுங்கிவிடும். அடுத்த மாசியில் ராக்காயி வரைந்த ஆடுகள் எல்லாம் ஒன்றுபோல் நின்றன. வீரணன் பழையபடி விட்டத்தை அண்ணாந்து பார்த்தான். ஓணான் வயிறாரத் தின்றது.

ஐப்பசியில் ஒரு காலை, ஆற்றுக்கு அக்கரையில் புல் தழைத்திருந்தது. ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்குமேல் இல்லை. வீரணன் ஆடுகளைத் திறந்துவிட்டு வந்து நின்றான்.

"என்னய்யா, அக்கரைக்கு ஓட்டட்டுமா?"

ஓணான் வானத்தைப் பார்த்தது. மேகமில்லை. எறும்புகள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தன. காற்றில் ஈரமில்லை. எல்லாம் போ என்றுதான் சொல்லின. அப்போது, வாழ்நாளில் இல்லாத வழக்கமாக, அதன் தொண்டையில் ஒரு சொல் வந்து முட்டியது. வேண்டாம்.

காரணம் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்தது. பல்லி வாயைப் பாதி திறந்தபடி, கண்ணை உருட்டி உருட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே சொல்தான் வந்திருக்கிறது என்று ஓணானுக்குப் புரிந்துவிட்டது.

சொன்னால் ஏன் என்று கேட்பான். தெரியாது என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்தப் பல்லிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ஓணான் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு, போகலாம் என்று தலையை மேலும் கீழும் ஆட்டியது.

மலைக்கு அப்பால் முந்தின நாளே மழை கொட்டியிருந்தது. அது இங்கே யாருக்கும் தெரியாது. ஆடுகள் நடு ஆற்றில் இறங்கியபோது வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. வீரணன் ஒரு மருத மரத்து வேரைப் பிடித்துத் தொங்கித் தப்பினான். இடுப்பு ஒடிந்தவனை நாலு பேர் தூக்கி வந்து கிடத்தினார்கள். ஓர் ஆடுகூட மிஞ்சவில்லை.

ராக்காயி அவனுக்குப் பற்றுப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு சுவர்ப் பக்கம் வந்தாள்.

"ஏத்தா, நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்துச்சு. ஏன் வந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"உன்னை யாரு யோசிக்கச் சொன்னது?"

பல்லி விட்டத்தைப் பார்த்தது. ராக்காயியும் பார்த்தாள்.

"சரி, உமக்குமா ஒண்ணும் தோணலை?"

இல்லை என்று சொல்லிவிட ஓணான் வாயெடுத்தது. விழுங்கிய சொல் குறுக்கே நின்றது. பொய்யும் அதுவும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தொண்டையில் சிக்க, கழுத்து ரத்தமாகச் சிவந்தது. பேச்சு வரவில்லை. தலை மட்டும் அதன் பேச்சைக் கேட்காமல் மேலும் கீழும் ஆடியது. ஆமாம், தோன்றியது.

ராக்காயி துடைப்பத்தை எடுத்து அதைத் தள்ளி இறக்கி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வேலியில் விட்டாள்.

"உம்மைத்தானே நம்புனோம்" என்றாள்.

உள்ளே வந்து பல்லியிடம், "இனி யோசிக்க வேண்டாம்த்தா. வந்தா விட்டுடு" என்றாள். பல்லி முயன்று பார்த்தது. விழுங்கி விழுங்கி எல்லாச் சொல்லும் கரைந்துபோயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு ஒலி. அதற்கு என்ன அர்த்தம் என்று பல்லிக்கும் தெரியாது, ராக்காயிக்கும் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தினாள்.

அன்று முதல்தான் பல்லி 'இச்' என்றால் வாசலைத் தாண்டப் போன கால் காரணம் கேட்காமல் நின்றுவிடுகிறது. வேலியில் இருக்கிற ஓணானுக்கும், எதிரே இன்னோர் ஓணானைக் கண்டாலே போதும், தன்னை முந்த வந்ததோ என்று கழுத்து சிவந்து தலை ஆடத் தொடங்கிவிடுகிறது.